பால்மா ஐயா கேட்ட தேத்தண்ணி

1998 ஜூன் 15, திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. காலைப் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடும் தப்பு அடித்து ஓய்வதற்குள் பிள்ளைக் காம்பராவைத் திறந்து அடுப்பை மூட்டிவிட்டேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார்கள் இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறினார்கள். பிள்ளைகளின் காலைக் கழுவினேன். ஈரச் சட்டைகளைக் கழற்றி அடுப்புக்கு மேலிருந்த கொடியில் போட்டேன். காய்ச்சல் ஒருவருக்கும் இல்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் காதில் சீழ். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டங்களில் அந்த மாதத்துக்கு அது வழக்கமான காலைதான். பத்து மணி போலக் கீழே வளைவில் வெள்ளை வேனின் ஹோர்ன் கேட்டது.

"வந்துட்டாரு பால்மா ஐயா," என்றார் தெய்வானை அக்கா. பிள்ளைக் காம்பராவின் ஆயா அவர். நான் பொறுப்பாளராக வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர். "இன்னைக்கு எந்த வீட்டுல போயி தேத்தண்ணி கேக்கப்போறாரோ!"

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முகம் அல்ல, அந்தக் கேள்விதான். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் நின்று, குடையை மடக்கி, தண்ணீரை உதறிவிட்டுக் கேட்பார்: "ஒரு தேத்தண்ணி கிடைக்குமா?"

அவருடைய பெயரை அவர் சொன்னதில்லை. ஒருமுறை கேட்டேன். "பேரை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், பிள்ளை?" என்றார். மாதம் ஒருமுறை வருவார். பிள்ளைக் காம்பராவில் நிறை பார்க்கும் நாளாகப் பார்த்து வருவார். வளர்த்தி குறைந்த பிள்ளைகளுக்குப் பால்மா டின் கொடுப்பார். பெரிய நோய் உள்ள பிள்ளைகளைத் தன்னுடைய வேனில் கொழும்புக்கு அழைத்துப் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்து, தாய் தங்க இடம் பார்த்து, மருந்துச் செலவையும் பார்த்துக்கொள்வார். தோட்டத்துத் துரையின் அனுமதி இருந்தது. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் சப்பாத்து. சேற்றில் அந்தச் சப்பாத்தோடு கூசாமல் இறங்குவார். ஆனால் எந்தப் பிள்ளையையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. தராசில் தொங்கும் பிள்ளை அழுதால்கூட, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முள்ளை மட்டும் பார்ப்பார்.

எனக்கு அவர்மேல் முதல் நாளே சந்தேகம். சந்தேகப்படக் காரணமும் இருந்தது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து ஒரு பெண் பிள்ளையைப் படிக்க வைப்பதாகச் சொல்லிக் கொழும்புக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு தீபாவளி கழித்து அவள் திரும்பி வந்தபோது, உள்ளங்கை சவர்க்காரத் தண்ணீரில் வெந்து போயிருந்தது. பெரிய வீடுகளில் வேலைக்கு விடப் பிள்ளை பிடிக்கிறவர்கள் முதலில் மிட்டாயோடுதான் வருவார்கள் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

தெய்வானை அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"எலக்சன் கேக்கப் போறாரோ என்னமோ," என்றார் அவர்.

"எலக்சன் கேக்குறவரு பேரைச் சொல்லுவாரே அக்கா."

"அதுவுஞ் சரிதான். அதோட எலக்சன்காரன் பால்மா தர மாட்டான், கூரைத் தகரந்தான் தருவான். பிள்ளைக்கு ஏது ஓட்டு?"

போட்டோ எடுக்கவில்லை. பலகை நடவில்லை. ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. எதையாவது கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒருநாள் வேன் டிரைவரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், ஐயாவுக்கு எந்த ஊர் என்று கேட்டுப் பார்த்தேன். "தன்னே நே," என்றான். தெரியாதாம். அவரிடம் பல வருடமாக வேலை செய்கிறவன்.

அவர் எங்களிடம் கேட்டது தேத்தண்ணி ஒன்றைத்தான். அதுதான் லயத்து மக்களை விழ வைத்தது. எங்கள் தோட்டத்துப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மாஸ்டர் இருந்தார். நல்லவர், நன்றாகப் படிப்பிப்பார். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் கையில் பிளாஸ்க் இருக்கும். "எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்லைப் பாருங்கோ," என்பார். வருடக்கணக்கில் சரியாகாத வயிறு அது. "மாஸ்டர் வயித்துக்கு நம்ம வீட்டு வாசல்ல வந்தாத்தான் நோவு வரும்," என்று பெண்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில், கார் வேன் வைத்திருக்கும் ஒருவர் இஸ்தோப்புத் திண்ணையில் குந்தி உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டால் எப்படி இருக்கும்!

"பெரிய மனுசன்னா இவருதான்," என்றார்கள். என்னுடைய சந்தேகத்தை யாரும் காதில் வாங்கவில்லை.

நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கிறவள். சில மாதங்கள் அவர் பின்னால் நடந்து பார்த்ததில் இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. ஒன்று, பால்மா டின் வாங்கும் வீடுகளில் மட்டும்தான் அவர் தேத்தண்ணி கேட்டார். பிள்ளைக் காம்பராவில் நாங்கள் வலியக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார். மற்றது, கோப்பை கைக்கு வந்ததும் உடனே குடிக்க மாட்டார். வாசல் வெளிச்சத்துப் பக்கம் லேசாகச் சரித்துப் பார்ப்பார். சில வீடுகளில் குடித்து முடிப்பார். சில வீடுகளில் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போவார்.

கீழே வைத்த வீட்டுக்கு அடுத்த மாதம் டின் வராது.

இதைப் புரிந்துகொள்ள லயத்து வழக்கம் தெரிய வேண்டும். வீட்டு ஆட்கள் குடிப்பது பால் இல்லாத வெறும் சாயம். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து, நக்கி நக்கி, டம்ளரில் இருக்கும் சாயத்தைக் குடிப்போம். வேலைக்குப் போகும்போதும் அதுதான், வந்தாலும் அதுதான். ஆனால் சப்பாத்து போட்ட ஒருவர் வீட்டுக்குள் வந்துவிட்டால், பூப்போட்ட பீங்கான் கோப்பையை எடுத்துத் துடைத்து, பால் தேத்தண்ணிதான் கொடுக்க வேண்டும். வெறும் சாயத்தைக் கொடுத்தால் அது வந்தவரை அவமதித்தது ஆகும். வீட்டில் பால் ஏது? பிள்ளைக்கென்று கொடுத்த டின்தான் இருக்கும். ஒரு கரண்டிதானே என்று அதிலிருந்து எடுத்துக் கலக்குவார்கள். கொடுத்தவருக்கே கொடுப்பதில் ஒரு திருப்தியும் இருக்கும்.

மேல்கணக்கில் ஒரு வீட்டில் டின் நிறுத்தப்பட்ட அன்று, பாதையில் அவரை நிறுத்திக் கேட்டேன்.

"அந்தப் பையனுக்கு நிறை இன்னும் கூடலைங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

"அந்த வீட்டில் பிள்ளையின் பால் பிள்ளைக்குப் போகவில்லை."

"எப்படித் தெரியும்?"

"எனக்கே ஊற்றிக் கொடுத்தார்கள்."

"நீங்கதானங்க கேட்டீங்க!"

"நான் தேத்தண்ணிதான் கேட்டேன். பால் கேட்கவில்லையே, பிள்ளை." குரலை உயர்த்தாமல் சொன்னார். "எனக்கு ஊற்றுகிறவர்கள் கங்காணி வந்தால் ஊற்றுவார்கள். மாமன் வந்தால் ஊற்றுவார்கள். ஒரு மாதத்து டின் பத்து விருந்தாளிக்குப் போகும். பிள்ளை சாயத்தைக் குடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கும்."

அவர் சொன்னது பொய்யல்ல. நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு உடம்பு எரிந்தது. ஒரு வீட்டின் மரியாதையைக் கண்ணியாக வைத்து அந்த வீட்டையே பிடிப்பது என்ன தர்மம்? பேச வேண்டியதை நேரே சொல்லியிருக்கலாம். அவர் ஒருபோதும் சொல்லவில்லை. எச்சரிக்கவும் இல்லை. கேட்டார், பார்த்தார், எழுந்து போனார். இன்னொரு கேள்வியும் அன்றே எனக்குள் முளைத்தது. வெளியாள் ஒருவருக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும்? சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை இவர் எங்கே பார்த்தார்?

அதன் பிறகு, டின் வாங்கும் வீடுகளுக்கெல்லாம் நானே போய்ச் சொன்னேன். "ஐயா வந்தா வெறுஞ்சாயத்தையே குடுங்க."

"ஐயய்யோ டீச்சர், நாளைக்கு நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

"ஒண்ணும் நெனக்க மாட்டாரு. குடுங்க."

தலையைக் குனிந்துகொண்டு கொடுத்தார்கள். அவர் எல்லா வீட்டிலும் குடித்து முடித்தார். போகும்போது என்னைப் பார்த்து, "இந்தத் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் ஒரே மாதத்தில் பால் தீர்ந்துவிட்டது போல," என்றார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்கு முடிவாகத் தெரியாது.

அந்த ஜூன் திங்கட்கிழமை அவர் வந்தது பார்வதியின் வீட்டுக்கு. பார்வதியின் மகள் தர்ஷினிக்கு நான்கு வயது. இதயத்தில் ஓட்டை. பத்தடி ஏறினால் உதடு நீலமாகிவிடும். அப்படியே பாதையில் குந்திக்கொள்வாள். மற்றப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டென்று நினைத்துச் சுற்றிக் குந்துவார்கள். இனியும் தள்ளிப் போடக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். பால்மா ஐயா அலைந்து கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு ஒரு கட்டில் பிடித்திருந்தார். செவ்வாய்க்கிழமை, அதாவது மறுநாள் விடியற்காலை, அவருடைய வேனில் போக வேண்டும். கொழும்பைப் பார்த்தறியாத பார்வதிக்கு அவரை விட்டால் வேறு வழி இல்லை. அந்தக் கட்டில் தவறினால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் போக வேண்டிய ஆயத்தத்துக்காகப் பார்வதி அன்று பேர் போட்டு வேலைக்குப் போகவில்லை. நான் அவளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன், சாயம் மட்டும் என்று. தலையாட்டினாள்.

அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்தார். நான் தூணோடு நின்றேன். தர்ஷினி கதவைப் பிடித்துக்கொண்டு அவருடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தேத்தண்ணி கிடைக்குமா?"

"இருங்கய்யா, இந்தா கொண்டாறேன்."

பார்வதி கொண்டு வந்தது பூப்போட்ட கோப்பை. அதற்குள் பால் தேத்தண்ணி. அவர் வாங்கினார். வாசல் பக்கம் சரித்துப் பார்த்தார். கீழே வைத்தார். குடையை எடுத்தார்.

"நாளைக்கு வேனில் இடம் இருக்காது," என்றார். அவ்வளவுதான். படியிறங்கி மழையில் நடந்தார்.

பார்வதிக்கு முதலில் விளங்கவில்லை. "சீனி கூடிருச்சா டீச்சர்?" என்று என்னைக் கேட்டாள்.

"நாந்தான் சொன்னேனே பார்வதி! ஏன்டி பால் ஊத்துன?"

"எம்பிள்ளைக்கு உசிரு குடுக்கப் போற மனுசன். அவருக்கு வெறுஞ்சாயத்தக் குடுக்கச் சொல்றீங்களா? கை வருமா எனக்கு?" அவள் அழத் தொடங்கினாள். "டின்ன நான் தொடவே இல்ல டீச்சர். லயத்துக் கடைசிக் காம்பராவுல மாடு கறந்தாங்க. கடனா வாங்கிட்டு வந்தேன்."

நான் கோப்பையைக் குனிந்து பார்த்தேன். தேத்தண்ணியின் மேலே மஞ்சளாக ஆடை சுருங்கத் தொடங்கியிருந்தது. வாசமே வேறாக இருந்தது. மாட்டுப்பால்தான்.

குடை எடுக்கவில்லை. ஓடினேன். வேனுக்கு இறங்கும் படியில் அவரைப் பிடித்தேன்.

"ஐயா, திரும்பி வாங்க."

"முடிந்துவிட்டது, பிள்ளை."

"முடியலங்க. நீங்க பாத்தீங்க, குடிக்கல. இத்தன மாசமா பாத்துட்டேதான் போறீங்க. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. அது டின் பால் இல்ல. மாட்டுப்பாலு. பிள்ளைக்கு உசிரு குடுக்கப் போறவருன்னு கடன் வாங்கி ஊத்தியிருக்கா."

மழை குடையில் விழுந்துகொண்டிருந்தது.

"சரி, அது டின் பாலாவே இருக்கட்டும்," என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ஒரு கரண்டி பாலுக்கு ஒரு பிள்ளையோட நெஞ்ச அப்பிடியே விட்டுட்டுப் போவீங்களா? அப்ப யாருக்காக வாறீங்க நீங்க? பிள்ளைக்கா, இல்ல தாய்மாருக்குத் தண்டன குடுக்கவா?"

அவர் திரும்பிப் பார்வதியின் வீட்டுப் பக்கம் நடந்தார்.

பார்வதி கோப்பையை எடுத்துக்கொண்டு சூடாக்க ஓடினாள். "வேண்டாம், அப்படியே கொடு," என்று கை நீட்டினார். விரலால் ஆடையை ஒதுக்கினார். ஒரு வாய் குடித்தார். பிறகு, எங்களில் யாரும் எதிர்பார்க்காத விதமாக, இடது கையை நீட்டி, "சீனி இருந்தாக் கொஞ்சம் கையில போடு," என்றார்.

பார்வதி என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கொண்டு வந்து போட்டாள். அவர் உள்ளங்கையைக் குழித்து, ஒரு மணி சிந்தாமல் நக்கி, ஒரு மிடறு குடித்து, மறுபடி நக்கி, மறுபடி குடித்தார். கடையில் தேத்தண்ணி குடித்துப் பழகியவர்களுக்கு அது வராது. சின்ன வயதில் கை அதற்குப் பழகியிருக்க வேண்டும்.

பார்வதிதான் கேட்டாள். வெளியாட்களிடம் நாங்கள் கேட்காத கேள்வி அது.

"ஐயா எந்தத் தோட்டம்?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கொத்மலப் பக்கம்," என்றார். "இப்ப இல்ல. அணை கட்டுனாங்கல்ல, அந்த லயமெல்லாம் தண்ணிக்கடியில கெடக்கு."

கோப்பையைக் காலி செய்து, அதைப் பார்வதியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். வேனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்வதியும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கதவோரம் நின்ற தர்ஷினியைக் கடந்து போகும்போது மட்டும் ஒரு கணம் நின்றார். தொடவில்லை.

அன்று மாலை தெய்வானை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம ஆளா!" என்று வாயில் கை வைத்தார். எனக்கு அது அவ்வளவு எளிதாக இறங்கவில்லை. விசாரிக்க முடியாத ஊரை அல்லவா சொல்லியிருக்கிறார்? தண்ணீருக்குள் போய் யாரைக் கேட்பது? அப்படியே உண்மையாக இருந்தாலும், அந்த லயத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்த பிள்ளை இவரா, அல்லது இவரோடு பிறந்த, இப்போது இல்லாத ஒன்றா? அவர் பால்மா கொண்டு வந்தது எங்கள் பிள்ளைகளுக்கா, அல்லது என்றோ ஒரு விருந்தாளிக்குப் பால் ஊற்றிய ஒரு தாயை இன்னமும் தண்டித்துக்கொண்டிருந்தாரா? இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம் என்று இந்த வயதில் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

2003 வரை வந்தார். பிறகு வேன் வரவில்லை. செத்துப் போனாரா, வேறு தோட்டங்களுக்குப் போகிறாரா, யாருக்கும் தெரியாது. மேல்கணக்கில் டின் நிறுத்தப்பட்ட பையன் வளர்ந்துவிட்டான், ஆனால் உடன்பிறந்தவர்களைவிடக் குட்டை. பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில் கொண்டக்டராக இருக்கிறான். என்னிடம் டிக்கட் காசு வாங்க மாட்டான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதரிடம் கேட்க நினைத்த கேள்விகள் மறுபடி எழும். தர்ஷினிக்கு நெஞ்சில் நீளமாக ஒரு தழும்பு. அதைக் காட்டாத கழுத்து வைத்துச் சட்டை தைத்துப் போடுவாள். படி ஏறும்போது இப்போது அவள் குந்துவதில்லை.

அன்று இரவோடு மழை விட்டது. மறுநாள், ஜூன் 16, பெரட்டுத் தப்புக்கும் முன்னால், வளைவில் ஹோர்ன் கேட்டது. நான் ஏற்கனவே புறப்பட்டு நின்றிருந்தேன். பிள்ளைக் காம்பராவின் சாவியை முந்தின மாலையே தெய்வானை அக்காவிடம் கொடுத்திருந்தேன். வேன் வந்தால் போவது, வராவிட்டால் முதல் பஸ்ஸில் பார்வதியையும் பிள்ளையையும் நானே கொழும்புக்குக் கூட்டிப் போய் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் வேனுக்கு வெளியே குளிரில் நின்றுகொண்டிருந்தார். பார்வதி அடையாள அட்டையை முந்தானையில் முடிந்து, கம்பளியில் சுற்றிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுடைய மற்றக் கையில் ஒரு டம்ளர். பூப்போட்ட கோப்பை இல்லை.

"குடிங்கய்யா. சாயந்தான்," என்றாள். "நம்ம ஆளுக்கு எதுக்குப் பாலு?"

அவர் டம்ளரை வாங்கினார். பழக்கத்தில் வேன் வெளிச்சத்தின் பக்கம் சரித்தார். சரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, இடது கையை நீட்டினார். பார்வதி மடியிலிருந்த சீனிப் பொட்டலத்தைப் பிரித்து அந்தக் கையில் போட்டாள்.

அவர் குடித்து முடிக்கும் வரை நான் காத்திருக்கவில்லை. வேன் கதவைத் திறந்து ஏறி, தர்ஷினியை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு இடம் சொல்லவில்லையே, பிள்ளை," என்றார் அவர், டம்ளருக்கு மேலாக.

"தெரியுங்க," என்றேன். இறங்கவில்லை.